ஸ்டெப்டோ பியூட்: உச்சியோடு திரும்பிவிடாதீர்கள்

வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கில், பலூஸ் என்ற வட்டாரத்தின் கோதுமை வயல்களுக்கு நடுவே தன்னந்தனியாக நிற்கிற குன்று இது. உயரம் 3,612 அடிதான். சுற்றிலும் தாழ்வான வயல்மேடுகள்தான் என்பதால் வெகு தூரத்திலேயே கண்ணில் பட்டுவிடும். மாநிலப் பூங்காவுக்குள் கார் நுழைய ஒரு நாள் கட்டணம் 10 டாலர். தாராளமாகக் கொடுக்கலாம்.

குறுகலான தார்ச்சாலை குன்றைச் சுற்றிச் சுற்றி உச்சிவரை போகிறது. நடக்க முடியாத பெரியவர்களையும் கூட்டிப் போகலாம் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. என் மாமியார் காரில் உட்கார்ந்தபடியே நாலு திசையும் பார்த்துவிட்டார். வழியில் தெரியும் குவார்ட்சைட் (மணற்கல் இறுகி உருவான கடினப் பாறை) 40 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு இந்தப் பகுதியெங்கும் பரவியபோது இந்தக் குன்றின் தலை மட்டும் மூழ்காமல் தப்பியது. கீழே அலை அலையாகத் தெரியும் மேடுகள், பிற்பாடு காற்று கொண்டுவந்து குவித்த நுண்மண். நடுப்பகலில் அவை தட்டையாகத்தான் தெரியும். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாக எழுந்து வரும். அதனால் மாலையில் ஏறுங்கள்.

குறை என்றால், உச்சியில் நிற்கும் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் பார்வையைக் கெடுக்கின்றன. நிழலும் இல்லை, காற்றும் பலம். தண்ணீரும் ஸ்வெட்டரும் கையோடு இருக்கட்டும். 1888இல் கேஷப் டேவிஸ் என்பவர் இங்கே ஒரு ஹோட்டலே கட்டியிருக்கிறார்; 1911இல் அது எரிந்துபோனது.

பலரும் மேலே போட்டோ எடுத்துவிட்டு நேராக நெடுஞ்சாலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அது வேண்டாம். ஓக்ஸ்டேல், கார்ஃபீல்டு என்ற சிற்றூர்கள் பக்கம் கொஞ்சம் சுற்றுங்கள். ஓக்ஸ்டேலில் பழைய மாவு ஆலை ஒன்று இன்னும் நிற்கிறது. நாங்கள் போன ஜூலையில் கோதுமை பழுக்கத் தொடங்கியிருந்தது. பக்கத்து வயலில் மசூர் பருப்புச் செடி. முழங்கால் உயரம்கூட இல்லை. தட்டையான சின்னக் காய், உள்ளே ஒன்றோ இரண்டோ மணி. வருஷக்கணக்காகப் பருப்பு வேகவைத்த மாமியார் அந்தச் செடியைப் பார்த்தது அன்றுதான். சாலையோரமே குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சை பார்க்க ஜூன் தொடக்கம், பொன்னிறம் பார்க்க ஜூலைக் கடைசி. அப்புறம், அறுவடை இயந்திரம் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள், பயிருக்குள் இறங்காதீர்கள். பெட்ரோல், சாப்பாடு இரண்டையும் பக்கத்து ஊரான கோல்ஃபாக்ஸிலேயே முடித்துக்கொள்வது நல்லது.