ஒரே ஸ்டாக்கா, தனித்தனி ஐட்டமா?
பாக்ஸ உடைச்சு பீஸா விக்குறத சாஃப்ட்வேர்ல எப்படி வைக்கிறதுன்னா, ஈஸியான வழி எல்லாத்தையும் சின்ன யூனிட்லயே சேவ் பண்றது, 1 பாக்ஸ் வந்தா 24 பீஸ்னு ஏறும், பாக்ஸ்ங்கறது ஸ்க்ரீன்ல காட்ட மட்டும்தான். ஆனா 48 பீஸ் இருக்குன்னா அது பிரிக்காத 2 பாக்ஸா இல்ல உதிரியான்னு சிஸ்டத்துக்கே தெரியாது.

இன்னொன்னு, பாக்ஸ் தனி ஐட்டம் பீஸ் தனி ஐட்டம், உடைக்கிறப்போ கன்வர்ஷன் என்ட்ரி போடணும், பாக்ஸ் 1 குறையும் பீஸ் 24 கூடும், ரெண்டும் ஒரே ட்ரான்சாக்ஷன்ல (நடந்தா ரெண்டும் நடக்கும், இல்லன்னா ரெண்டுமே நடக்காது) நடக்கணும், பாதில நின்னா கணக்கு கந்தல். 100 மீட்டர் ஒயர வெட்டி 98தான் தேறுச்சுன்னா அந்த 2 மீட்டர் வேஸ்டையும் இதுல எழுதிடலாம். என்ட்ரி மறந்தா பீஸ் மைனஸ்ல போகும், அதான் தலவலி.

சேதாரம் வர்ற சரக்குன்னா நான் ரெண்டாவதுதான் எடுப்பேன். ஆங், 1 பாக்ஸுக்கு 24 பீஸ்ங்கற கணக்க ஐட்டத்துல மட்டும் வைக்காம ஒவ்வொரு என்ட்ரிலயும் சேவ் பண்ணுங்க, பின்னாடி பாக்ஸ் 20 பீஸா மாறுனா பழைய கணக்கு குழம்பாது.