யூ.சி.இ. கிளாசிக் 350-க்கு மோட்டுல் 5100 15டபிள்யூ-50

2021 வரை விற்பனையான, யூ.சி.இ. (என்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அமைந்த) என்ஜின் கொண்ட ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இல் பிஸ்டன், கிளட்ச் பிளேட், கியர் பல் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான். என்ஜினுக்கு ஒன்று, கியர் பாக்ஸுக்கு வேறொன்று என்று ஊற்றியதெல்லாம் வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டோடு போயிற்று. ஆகவே இந்த வண்டிக்கான ஆயிலை என்ஜினை மட்டும் வைத்து எடைபோடுவது பாதி வேலைதான். கிளட்சும் கியரும் என்ன சொல்கின்றன என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

மோட்டுல் 5100 எஸ்டர் (ஒருவகைச் செயற்கை எண்ணெய்) கலந்த செமி சிந்தடிக் ஆயில்; ஆயிலில் ஊறும் கிளட்சுக்கு ஏற்றது என்று சொல்லும் ஜப்பானியத் தரக்குறியான ஜாசோ எம்.ஏ.2 பெற்றது. 15டபிள்யூ-50 என்பதில் முதல் எண் குளிரிலும், இரண்டாவது எண் சூட்டிலும் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் குறிக்கும். கேனின் பின்புறத்தில் சிறு கட்டத்துக்குள் இருக்கும் அந்த எழுத்துகள்தாம், முன்புறத்தில் மின்னும் விளம்பர வாசகங்களைவிட முக்கியம். எரிபொருளை மிச்சப்படுத்தக் கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்களைக் கலப்பதுண்டு. ஆயிலில் ஊறியபடியே இயங்கும் பைக் கிளட்சில் அத்தகைய ஆயிலை ஊற்றினால் பிளேட்டுகள் வழுக்கத் தொடங்கும். ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது என்ஜின் கத்துமே தவிர வேகம் ஏறாது. ஸ்கூட்டருக்கான ஜாசோ எம்.பி. தர ஆயிலிலும் இதே ஆபத்து உண்டு. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று எடுத்து நீட்டினாலும் வாங்காதீர்கள்.

5100-ஐ ஊற்றிய பின் முதலில் தெரிவது கியர் மாறும் விதம். சென்னையின் மே மாத வெயிலில், சிக்னலுக்குச் சிக்னல் நின்று என்ஜின் நன்றாகச் சூடேறிய நிலையிலும், ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே நியூட்ரல் காலுக்கு எளிதில் அகப்படுகிறது; கிளட்சும் பிடி தளராமல் இருக்கிறது. ஆனால் இந்த மென்மை கடைசிவரை நீடிக்காது. அது இந்த ஒரு பிராண்டின் குறையும் அல்ல. 50 கிரேடு என்றால் 100 டிகிரி சூட்டில் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மை, குறைந்தது 16.3 சென்டிஸ்டோக்ஸ் (அதை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். அதைத் தாங்கிப் பிடிக்கும் பாலிமர்களைக் கியர் பற்கள் ஓயாமல் நசுக்குவதால் ஆயில் மெல்ல இளகுகிறது. கியர் கடக்கென்று விழத் தொடங்கினால், ஆயில் மாற்றும் நாள் நெருங்கிவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம்.

இதைவிட விலை கூடிய, முழு சிந்தடிக்கான மோட்டுல் 7100 தேவையா என்றால், இந்த வண்டிக்குத் தேவையில்லை என்பேன். 8.5:1 அழுத்த விகிதத்தில், 5250 ஆர்.பி.எம்.மில் சுமார் 19-20 பி.எச்.பி. தரும் நிதானமான என்ஜின் இது. கையேடு கேட்பதும் 15டபிள்யூ-50, ஏ.பி.ஐ. (அமெரிக்கத் தரக்குறி) எஸ்.எல். தரம் மட்டுமே. அந்த வகையில் ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் சொந்த லிக்விட் கன் ஆயிலும் போதுமானதே. 5100-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் கியரின் மென்மைக்காகத்தான். மைலேஜுக்கு ஆசைப்பட்டு 10டபிள்யூ-30 ஊற்றுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காற்றினால் குளிரும் இந்தப் பெரிய சிலிண்டருக்கும் ஆயில் அழுத்தத்தில் இயங்கி வால்வுகளைத் தள்ளும் அதன் ஹைட்ராலிக் டேப்பெட்டுகளுக்கும் அது மிகவும் மெலிது.

ஊற்றும்போது ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். சிறிது நேரம் என்ஜினை ஓட்டி நிறுத்தி, சென்டர் ஸ்டாண்டில் வண்டியை நேராக நிறுத்திய பிறகே என்ஜினின் வலப்புறம் ஆயில் மட்டம் தெரியும் சிறு கண்ணாடியில் அளவைப் பாருங்கள். கேனில் மிச்சம் இருக்கிறதே என்று அதையும் சேர்த்து ஊற்றினால், கூடுதல் ஆயில் என்ஜினின் மூச்சுக்குழாய் (பிரீதர் பைப்) வழியே ஏர் ஃபில்டருக்குத்தான் போய்ச் சேரும்.