கிளினிக் கொப்பியிலிருந்து கணினிக்கு: ஒரேயடியாகவா, ஒரு கிளினிக்கிலிருந்தா?

நோயாளர் கையில் கொண்டுவரும் கிளினிக் கொப்பியிலிருந்து யாழ்ப்பாணத்து வைத்தியசாலையொன்று கணினிப் பதிவுக்கு மாற வழி இரண்டு. எல்லாப் பிரிவிலும் ஒரே நாளில் தொடங்கினால் ஆய்வுகூட முடிவும் மருந்து விபரமும் உடனே ஓரிடத்தில் சேரும். ஆனால் பிழை நேர்ந்தால் எல்லா வரிசையும் நிற்கும்.

நான் மற்ற வழியின் பக்கம்: முதலில் நீரிழிவுக் கிளினிக் மட்டும். அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வருவதால் குறை கெதியாய்த் தெரியும். நெடுந்தீவிலிருந்து படகில் குறிகட்டுவான் வந்து பஸ் ஏறும் அம்மாவின் கையில் கொப்பியும் இருக்கட்டும்; இணைப்பு அறுந்தால் அதுதான் துணை. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீனும் முதலில் சிறு வகுப்புகளில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்து, பிறகுதான் தமிழுக்கு மாறினார்.

ஆனால் கொப்பியிலும் கணினியிலும் எழுதும் சுமை தாதியர் தலையில் விழும். மேலதிக ஆள் தராமல் இதைத் தொடங்கவே கூடாது.