கிருஷ்ணகிரியில் படைப்பிரிவு வரலாறு தொகுத்துத் தரும் ஒரு சேவை

கிருஷ்ணகிரி பழைய பேட்டையில், ஜெராக்ஸ் கடை ஒன்றின் மாடியறையில், ராணுவத்தில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர், முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்காகப் படைப்பிரிவு வரலாறுகளைத் தொகுத்துத் தருகிறார். பெயர்ப் பலகையோ விளம்பரமோ கிடையாது. பென்ஷன் வேலையாக வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் இந்த இடம் வெளியே தெரிகிறது. மெடல், டிஸ்சார்ஜ் புத்தகம், பழைய கடிதம் என எது கைவசம் இருந்தாலும் அதை எடுத்துச் சென்றால், குடும்பத்து மூதாதை எந்த யூனிட்டில் இருந்தார், அந்த யூனிட் எந்த ஆண்டுகளில் எங்கே இருந்து என்ன வேலை செய்தது என்பதை எளிய தமிழில் ஒரு சிறு நூலாகக் கட்டித் தருகிறார். எங்கள் குடும்பத்துக்காக வாங்கிய நூலையும், உறவினர் ஒருவரும் அண்டை வீட்டார் ஒருவரும் வாங்கிய நூல்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

தேடும் முறையில் இவருக்கு நல்ல தேர்ச்சி இருக்கிறது. முதலில் மெடலின் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறார். முதல் உலகப் போரின் மெடல்களில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை விளிம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும் என்பதால், வாய்மொழியாக வந்த குடும்பக் கதையை விட அந்த ஒரு வரி நம்பகமானது. அடுத்ததாக ஊரைக் கேட்டு, அதைப் பழைய சேலம் ஜில்லாவின் தாலுகாக்களோடு ஒப்பிட்டுக்கொள்கிறார். தருமபுரி 1965-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று; கிருஷ்ணகிரி பிரிந்ததோ 2004-இல். ஆகவே இன்றைய மாவட்டப் பெயரைக் கொடுத்துப் போரில் இறந்தவர்களின் பெயர்களைத் தொகுத்துள்ள காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடுகிறவர்களுக்கு ஒன்றும் கிடைக்காமல் போவதில் வியப்பில்லை. இந்தச் சிறு விவரத்தை அறியாததால் ஆண்டுக்கணக்கில் தேடி ஓய்ந்துபோன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

எங்கள் கொள்ளுத் தாத்தா 'மதராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஜெர்மன்காரனோடு சண்டை போட்டவர்' என்பதுதான் வீட்டில் வழங்கிவந்த கதை. மெடல் விளிம்போ அவரை 61-ஆவது பயனியர் படையைச் சேர்ந்தவர் என்கிறது. பயனியர்கள் துப்பாக்கியும் மண்வெட்டியும் சேர்த்துச் சுமந்தவர்கள்; காலாட்படைப் பயிற்சி பெற்றிருந்தாலும் சாலை போடுவதும் அரண் தோண்டுவதும் அவர்களுடைய அன்றாட வேலையாக இருந்தன. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் கரையிறங்கி, எண்ணிக்கையில் பன்மடங்கு குறைவாக இருந்த ஜெர்மானியப் படையிடம் தோற்றுத் திரும்பிய பெரும்படையில் இந்த யூனிட்டும் இருந்தது. அந்தத் தோல்வியை மழுப்பாமல் நூல் எழுதியிருக்கிறது. அதே சமயம், சண்டை நடந்த சில நாட்களுக்கு ஒதுக்கிய பக்கங்களைவிட, அதன்பின் நடந்த பாதை, பாலம், தண்ணீர் வேலைகளுக்கு அதிகப் பக்கங்களைக் கொடுத்திருக்கிறது. அதுவே சரியான விகிதம் என்பேன். 61, 64, 81 ஆகிய எண்களைக் கொண்ட பயனியர் படைகள் 1922-இல் ஒன்றாக்கப்பட்டு மதராஸ் பயனியர்ஸ் என்ற பெயரைப் பெற்றதும், 1933-இல் கலைக்கப்பட்டதும் தெளிவாகச் சொல்லப்பட்டுள்ளன. மதராஸ் ரெஜிமெண்ட் எனப்பட்ட காலாட்படையின் கடைசி நிரந்தரப் பட்டாலியனும் 1928-இல் செலவுக் குறைப்புக்காகக் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போதுதான் மீண்டும் திரட்டப்பட்டது என்ற செய்தியும் அங்கேயே இருக்கிறது. நம் பக்கத்தில் 'தாத்தா 1930-இல் மதராஸ் ரெஜிமெண்ட்' என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் இந்தப் பகுதியைப் படித்தால், அவரைப் பயனியர்களிடையிலோ சப்பர்கள் எனப்படும் பொறியியல் படையினரிடையிலோ தேடத் தொடங்கலாம்.

உறவினரின் நூல், இரண்டாம் உலகப் போரில் படைக்கு உணவும் போக்குவரத்தும் கவனித்த ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோரின் லாரி ஓட்டுநர் ஒருவரைப் பற்றியது. மூன்றில் மிகச் சிறந்தது இதுவே. திமாப்பூர் ரயில் முனையிலிருந்து கோஹிமா வழியாக இம்பால் வரை செல்லும் 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட மலைப்பாதைதான் இந்த நூலின் கதாநாயகன். அரிசியும் ஆட்டாவும் தனித்தனியாக ஏற வேண்டியிருந்த காரணம், மழைக்காலத்தில் மலை சரிந்தபோது வண்டிகள் நின்ற விதம், 1944 மார்ச் இறுதியில் ஜப்பானியர் பாதையை வெட்டிய பின் இம்பாலுக்குள் சிக்கிய படைக்கு விமானம் ஒன்றே வழியாகிப் பங்கீடு குறைக்கப்பட்டது, ஜூன் 22 அன்று பாதை மீண்டும் திறந்தது என எல்லாமே சரக்கின் கண் வழியாகச் சொல்லப்படுகின்றன. பர்மா ஸ்டார் என்ற மெடல் அந்தக் களத்தில் இருந்ததற்கான அடையாளமே தவிர, துப்பாக்கி பிடித்துச் சண்டையிட்டதற்குச் சான்று அல்ல என்று தயங்காமல் எழுதியதற்காகவும் தொகுப்பாளரைப் பாராட்ட வேண்டும். உறவினருக்கு அந்த வரி பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மருத்துவப் பிரிவு பற்றிய மூன்றாவது நூல் ஏமாற்றம் அளிக்கிறது. அண்டை வீட்டாரின் பாட்டனார் 1941-இல் மருத்துவமனைச் சிப்பாயாகச் சேர்ந்தவர். அப்போது அவர் இருந்தது இந்தியன் ஹாஸ்பிடல் கோர்; அந்தப் பிரிவும் இந்தியன் மெடிக்கல் சர்வீசும் இந்தியன் மெடிக்கல் டிபார்ட்மெண்டும் ஒன்றாக்கப்பட்டு இந்தியன் ஆர்மி மெடிக்கல் கோர் உருவானது 1943 ஏப்ரல் 3 அன்றுதான். நூலோ முதல் பக்கத்திலிருந்தே புதிய பெயரையே பயன்படுத்துவதால், அவருடைய தாள்களில் இருக்கும் பழைய பெயர் ஏதோ தவறு போலத் தோன்றுகிறது. அதைவிடப் பெரிய குறை, பர்மா முனையில் மருத்துவப் பிரிவுகள் உண்மையில் எதனுடன் போராடின என்பது சில வரிகளில் முடிந்துபோவதாகும். 1943-இல் காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயுற்று வெளியேற்றப்பட்டவர்கள் 120 பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு மலேரியா. நோயாளிகளை நூற்றுக்கணக்கான மைல் பின்னுக்கு அனுப்பாமல் களத்துக்கு அருகிலேயே வைத்துக் குணப்படுத்த முன்னணி மலேரியா சிகிச்சைப் பிரிவுகள் அமைக்கப்பட்டதும், உடம்பு மஞ்சளானாலும் பரவாயில்லை என்று மலேரியாவைத் தடுக்கும் மெப்பக்கிரின் மாத்திரை அணிவகுப்பில் வைத்தே விழுங்கவைக்கப்பட்டதும் ஒரு மருத்துவமனைச் சிப்பாயின் நூலில் நடுநாயகமாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, கொரியப் போருக்குச் சென்ற 60-ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற கள மருத்துவப் பிரிவுக்குப் பல பக்கங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 1950 நவம்பரில் கொரியா சேர்ந்ததும், லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் அதன் ஒரு பகுதியினர் 1951 மார்ச்சில் அமெரிக்கப் பாராசூட் படையினரோடு முன்சானில் குதித்ததும், அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்ததும் சிறப்பான வரலாறுதான். ஆனால் 1946-இல் வீடு திரும்பிவிட்ட இந்தப் பாட்டனாருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. புகழ்பெற்ற யூனிட்டின் வெளிச்சத்தைக் கடன் வாங்கும் இந்தப் பழக்கத்தைத் தொகுப்பாளர் விட்டுவிட வேண்டும்.

மூன்று நூல்களிலும் மதராஸ் சப்பர்களைப் பற்றி ஒரே பக்கங்கள் எழுத்துக்கு எழுத்து திரும்ப வருகின்றன. 1780-இல் தொடங்கிய மரபு, பெங்களூரு அல்சூர் ஏரிக்கரைத் தலைமையகம், 1944-இல் இத்தாலியில் கண்ணிவெடியின் மேல் தம் உடலைக் கிடத்தித் தோழர்களைக் காத்து ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் ஆகிய செய்திகள் சப்பர் குடும்பங்களுக்கு உரியவை. லாரி ஓட்டுநரின் நூலில் அவை பக்கம் நிரப்பவே உதவுகின்றன. மாறாக, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் செய்தி விடுபட்டிருக்கிறது. ஓசூருக்கு அருகே மத்திகிரியில் இன்று கால்நடைப் பண்ணையாக இருக்கும் இடம், கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குக் குதிரை வளர்ப்பதற்காக 1824-இல் தொடங்கப்பட்டது. படைக்கு வண்டியும் விலங்கும் கொடுத்த பிரிவின் வரலாற்றை நம் மாவட்டத்துக்காரருக்கு எழுதும்போது, அதை விட்டுவிட்டு வேறெதைச் சொல்வது? வரைபடங்கள் ஜெராக்ஸின் ஜெராக்ஸாக மங்கிக் கிடக்கின்றன. சொன்ன நாளில் நூல் கைக்கு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

எனினும் ஒரு விஷயத்தில் இவர் மிகவும் கண்டிப்பானவர். யூனிட்டுகள் போர்க்காலத்தில் எழுதிவைத்த போர் நாட்குறிப்புகளில் அதிகாரிகளின் பெயர்கள் வரும். சிப்பாய்களின் பெயர்கள் அரிதாகவே வரும். ஆகவே வீரரைப் பற்றிய பக்கத்தில் தாள்களில் இருப்பதை மட்டும் எழுதிவிட்டு மீதியைக் காலியாக விடுகிறார். அந்த இடத்தில் ஒரு வீரச் செயலைச் சேர்க்கும்படி எங்கள் உறவினர் கேட்டபோது, முன்பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லிவிட்டார்.

1947-க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்களின் குடும்பத்தார் முதலில் இந்த மாடியேற வேண்டியதில்லை. மதராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், சப்பர்களுக்கு பெங்களூரு, மருத்துவப் பிரிவுக்கு லக்னோ என அந்தந்த ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு நேரடியாக எழுதலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் வழி கேட்கலாம். அதற்கு முற்பட்ட காலத்தவர்களுக்கு, அதிலும் பயனியர், போக்குவரத்து போன்ற துணைப்பிரிவுகளில் இருந்தவர்களுக்கு, இந்தச் சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். மருத்துவப் பிரிவினரின் குடும்பத்தார், எந்த ஆண்டுகளை எழுத வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. மெடலை எடுத்துச் செல்வதற்கு முன் பளபளப்பாக்க வேண்டும் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். விளிம்பிலுள்ள எழுத்து தேய்ந்து போனால் இவராலும் ஒன்றும் செய்ய முடியாது.