பூனைக்குட்டி ஹார்னஸ், வலை டென்ட்: ரெண்டும் வாங்கிப் பாத்தாச்சு

மொதல்லயே சொல்லிடறேன், ஹார்னஸுக்கு (நெஞ்சச் சுத்தி மாட்டி கயிறு கோக்கற பட்டை) 5க்கு 2, டென்ட்டுக்கு 4. ஏன்னு கொஞ்சம் நீளமா போகும்.

எங்க வீட்டுல ரெண்டு குட்டி, முறுக்கு, சீடை. மழை நாள்ல வண்டி ஷெட்டுக்குள்ள கிடந்துச்சுங்க, எடுத்துட்டு வந்தோம். கோயமுத்தூர்ல கொஞ்சம் ஒதுக்குப்புறமான ஏரியா, பின்னாடி சின்ன தோட்டம், கறிவேப்பிலை, செம்பருத்தி, அப்புறம் அம்மா எங்க போனாலும் புடுங்கிட்டு வந்து நடுற கண்ட செடியும். ரெண்டும் கம்பிக் கதவுகிட்ட உக்காந்து வெளிய பாத்து கத்திட்டே இருக்கும், பாவமா இருக்கும். சரி, கட்டி கூட்டிட்டு போலாம்னு ஆன்லைன்ல ஹார்னஸ் ஆர்டர் போட்டேன். ஒண்ணு 449 ரூபா, கயித்தோட சேத்து. பார்சல பிரிச்சப்பவே அம்மா ஆரம்பிச்சுட்டாங்க, "ஏங்கண்ணு, பூனைக்கு எதுக்கு மூக்கணாங்கயிறு, அதென்ன கன்னுக்குட்டியா?"

துணி நல்லாத்தான் இருந்துச்சு, தையலும் பரவால்ல. பிரச்சனை சைஸ். எஸ் சைஸ்னு போட்டிருந்தாங்க, கீழ வந்து படிச்சா நெஞ்சளவு 28 செ.மீ.ல ஆரம்பிக்குது, என் குட்டிக்கு 23 தான். நான் அளக்காம வாங்குனது என் தப்பு, ஆனா "கிட்டன்"னு பெரிய எழுத்துல போட்டு விக்கறவங்க மேலயும் தப்பு இருக்குல்ல. ஒட்டுற பட்டையை முழுசா இறுக்கி, ரெண்டு விரல் நுழையுற அளவுக்குதான் இடம் இருக்குன்னு நம்பி வெளிய கொண்டுபோனேன்.

மொத பத்து நிமிஷம் முறுக்கு அப்படியே தரையோட படுத்துக்கிச்சு. அப்புறம் மெதுவா செம்பருத்தி வரைக்கும் போச்சு, நானும் முன்னாடி நின்னு வா வான்னு கயித்த புடிச்சுட்டு இருந்தேன், பக்கத்து வீட்டு குக்கர் ஒரு விசில் விட்டுச்சு பாருங்க, அவன் பின்னாடியே நகந்தான், கயிறு இழுத்துச்சு, நாம டீ ஷர்ட்டை தலை வழியா கழட்டுவோமே அந்த மாதிரி உருவிட்டு சுவரேறி போயிட்டான். என் கையில வெறும் ஹார்னஸ் தொங்குது. 40 நிமிஷம் தேடல். அந்தப் பக்கம் ஒரு ராஜபாளையம் நாய் வேற இருக்கு. கடைசில அம்மா நெத்திலிக் கருவாட்டு டப்பாவ குலுக்குனாங்க, பக்கத்து வீட்டு வாஷிங் மெஷினுக்கு பின்னாடி இருந்து ஒட்டடையோட வெளிய வந்தான்.

வெட்னரி டாக்டர்கிட்ட சொன்னப்ப சிரிச்சார். பூனைக்கு தோள்கிட்ட இருக்கற காறை எலும்பு நமக்கு மாதிரி மத்த எலும்போட சேந்து இருக்காதாம், சதைக்குள்ள சும்மா மிதக்குமாம், அதனால தலை நுழையுற எடத்துல தோளும் நுழைஞ்சுடும். இன்னொண்ணும் சொன்னார், பூனைக்கு முன்னாடி நின்னு கயித்த இழுக்கவே கூடாது, அது ரிவர்ஸ் எடுத்தா உருவிக்கும், நாமதான் பின்னாடி போகணும். இத அந்த ஹார்னஸ் பாக்கெட்ல ஒரு வரி போட்டிருக்கலாம்ல, சலவை எப்படி பண்றதுன்னு ஆறு வரி போட்டிருக்கான்.

அப்பதான் அவர் கேட்டார், ஊசி முடிஞ்சுதான்னு. ஒரு டோஸ்தான் ஆகிருந்துச்சு. ட்ரைகேட் ஊசி (மூணு வியாதிக்கு சேத்து போடறது) குட்டிக்கு 16 வாரம் ஆகுற வரைக்கும் மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா போட்டு முடிக்கணும், ரேபிஸும் போடணும், அதுக்கு முன்னாடி மண்ணுல விடாதீங்கன்னார். பான்லூக்கோன்னு பூனையோட உயிரையே எடுக்கற ஒரு வைரஸ், தெருப்பூனை பேண்டுட்டு போன எடத்துல ஒரு வருஷம் கூட உயிரோட கிடக்குமாம், சாதா லோஷனுக்கெல்லாம் சாகாதாம்.

அப்புறம்தான் டென்ட் வாங்குனேன். 1,650 ரூபா, நாலடி நீளம், சுத்தியும் வலை, பையில இருந்து எடுத்தா டப்புனு தானா விரிஞ்சுக்கும் (மடக்கறது வேற கதை, மூணு நாள் வீடியோ பாத்து கத்துக்கிட்டேன்). அடில ஷீட் இருக்கு, ஜிப் போட்டு கழட்டிக்கலாம். ஊசி முடியற வரைக்கும் ஷீட்டோட, இப்ப ஷீட் இல்லாம. இதுக்காகவே ஒரு ஸ்டார் எக்ஸ்ட்ரா. குறைன்னா, கூட குடுத்த முளைக்கம்பி எங்க செம்மண்ணுல ரெண்டாவது அடியிலேயே வளைஞ்சிருச்சு, நாலு மூலைக்கும் செங்கல்தான். ஜிப்ப சீடை மூக்கால தள்ளியே திறந்துட்டா, ஊக்கு குத்தி வெச்சிருக்கேன். வெயில்ல உள்ள கொதிக்கும், அதனால காலைல 6.30ல இருந்து 8 வரைக்கும்தான், அதுவும் நான் பக்கத்துல காபியோட உக்காந்திருப்பேன். மேல பருந்து சுத்துது, தனியா விட்டுட்டு உள்ள போக மனசு வராது.

டென்ட் போட்டதுக்கப்புறம் நடந்த கூத்து ஒண்ணு. குப்பைமேனிக்கு பூனைவணங்கின்னு ஒரு பேர் இருக்குல்ல, அதோட வேருன்னா பூனைங்க மயங்கிடும்னு சொல்லுவாங்க, ஒரு செடிய வேரோட புடுங்கி டென்ட் ஓரமா போட்டேன். எங்களுது ரெண்டும் திரும்பிக்கூட பாக்கல. எங்கிருந்தோ தெரு கடுவன் ஒருத்தன் வந்து வலையை ஒட்டி உருளு உருளுன்னு உருள்றான். அவன் எச்சில் வழியா என்ன வருமோன்னு செடிய தூக்கி வெளிய போட்டுட்டேன். சீடைக்கும் கருத்தடை ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு, நாலு மாசத்துலயே கூட ஹீட்டுக்கு வந்துரும்னு டாக்டர் சொல்லிட்டார், இந்த கடுவன பாத்ததும் அவசரம் புரிஞ்சுது.

செடி விஷயத்துலதான் வீட்டுல சண்டை. அரளிய தூக்கணும்னதுக்கு அம்மா, சாமிக்கு பூவுக்கு எங்க போறதுன்னாங்க. வேலில செங்காந்தள் வேற ஏறியிருந்துச்சு, நம்ம மாநிலப் பூ, அழகுதான். ஆனா அம்மாவுக்கு பொறந்த ஊரு மூலனூர் பக்கம், அங்க இதையே கண்வலிக் கிழங்குன்னு விதைக்காக காடு காடா போடறாங்க, அது விஷம்னு அவங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்ல, மறு பேச்சில்லாம அவங்களே தோண்டி எடுத்துட்டாங்க. அரளி இப்ப மொட்டை மாடில தொட்டிக்கு போயிருச்சு. பொக்கேல வர்ற லில்லி பூவ வீட்டுக்குள்ளயே விடறதில்ல, மகரந்தம் மேல பட்டு நக்குனாலே கிட்னி போயிரும்.

"அந்தக் காலத்துல பூனையெல்லாம் கூரை மேலதான் திரிஞ்சுது"ம்பாங்க அம்மா. அதுல எத்தன வயசாகி செத்துச்சும்மான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, வெள்ளச்சி ஒண்ணுதான்னாங்க.

ஆக, ஹார்னஸ் வாங்கறவங்க மொதல்ல டேப் எடுத்து நெஞ்ச அளங்க, முன்னங்காலுக்கு பின்னாடி சுத்தி. நான் அப்புறமா எக்ஸ்எஸ் மாத்திட்டேன், இப்ப வீட்டுக்குள்ளயே ஒரு வாரமா போட்டு பழக்கறேன், சீடை நடக்கறா, முறுக்கு இன்னும் போட்ட உடனே செத்த மாதிரி சாஞ்சுடறான். மூணு கிலோவாச்சும் ஆகட்டும், அதுவரைக்கும் இத நம்பி தோட்டத்துக்கு போறதா இல்ல.

டென்ட் இப்பவே சின்னதா தெரியுது, தோட்டத்து மூலைல புறா வலை அடிச்சு கூண்டு மாதிரி கட்டலாம்னு விலை கேட்டிருக்கேன். வலைக்காரர் வந்து பாத்துட்டு, புறா உள்ள வராம அடிப்பேன், பூனை வெளிய போகாம அடிச்சதில்லீங்கன்னுட்டு போயிட்டார். யாராச்சும் அடிச்சிருந்தா, வலையோட கீழ் ஓரத்த மண்ணுக்குள்ள எவ்வளவு ஆழம் புதைச்சீங்கன்னு சொல்லுங்க.