புகைக்குண்டும் பூந்தொட்டியும்: பழைய கணினியை ஆன்லைன் விளையாட்டுகள் நடத்தும் விதம்

தனியாக ஆடும் விளையாட்டு நம் கணினியில் ஓடாது என்று தெரிந்தால் வாங்காமல் விட்டுவிடலாம். பல ஆண்டுகளாக ஆடிவரும் ஆன்லைன் விளையாட்டு ஒரு புதுப்பிப்பில் தன் தோற்றத்தை மாற்றிக்கொள்ளும்போது அந்த வசதி கிடைப்பதில்லை. நேற்றுவரை ஓடியது இன்று திணறும். பழைய பதிப்பை விடாமல் வைத்துக்கொண்டாலும் அதில் உடன் ஆட ஆள் இருக்காது. இந்தச் சிக்கலை வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு விதமாகக் கையாண்டுள்ளன. எது சரி என்பது கிராஃபிக்ஸின் அழகைப் பொறுத்ததன்று. அந்த மாற்றம் ஆட்டத்தைத் தொடுகிறதா என்பதைப் பொறுத்தது என்றே எனக்குப் படுகிறது.

மிகக் கறாரான வழி வால்வ் நிறுவனத்துடையது. 2012-இல் வெளிவந்த கவுன்ட்டர்-ஸ்டிரைக்: குளோபல் அஃபென்சிவ் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை அது 2023 செப்டம்பர் 27 அன்று கவுன்ட்டர்-ஸ்டிரைக் 2 ஆக மாற்றிவிட்டது. முன்பு கோர் 2 டுவோ பிராசசர், 2 ஜிபி ரேம், 15 ஜிபி இடம் ஆகியவை குறைந்தபட்சத் தேவையாக இருந்தன. இப்போது ஐ5 750 பிராசசர், 8 ஜிபி ரேம், 85 ஜிபி இடம், டைரக்ட்எக்ஸ் 11 என்ற கிராஃபிக்ஸ் மென்பொருள் தொகுப்பை ஏற்கும் கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவை வேண்டும். டைரக்ட்எக்ஸ் 9, 32-பிட் விண்டோஸ், மேக்ஓஎஸ் மூன்றும் கைவிடப்பட்டன. மூன்றையும் சேர்த்தாலும் ஆடுபவர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவே என்பது வால்வ் சொன்ன காரணம். அந்தக் கணக்கு விளையாட்டைத் திறக்கவே முடியாதவர்களை மட்டும் எண்ணுகிறது. திறந்தபின் ஃபிரேம் எண்ணிக்கை (விநாடிக்குத் திரையில் வரும் படங்கள்) பாதியாகக் குறைந்தவர்கள் அதில் வரமாட்டார்கள்.

ஆனாலும் வால்வ் பக்கம் ஒரு வலுவான நியாயம் உண்டு. அதற்குப் புகைக்குண்டைப் பார்க்க வேண்டும். புதிய பதிப்பில் புகை என்பது இடத்தை நிரப்பும் முப்பரிமாணப் பொருள். எல்லோருடைய திரையிலும் ஒரே வடிவில் நிற்கும், வாசல் திறந்திருந்தால் அதன் வழியே பரவும், துப்பாக்கிக் குண்டு ஊடுருவினால் ஒரு கணம் துளை விழும், அந்தத் துளை வழியாக எதிரியைப் பார்த்துச் சுடலாம். இதை ‘விரும்பினால் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று செட்டிங்ஸில் போட முடியாது. ஒருவர் திரையில் துளையும் இன்னொருவர் திரையில் முழுப்புகையும் இருந்தால் அது போட்டியே அல்ல. ஆகவே செலவை எல்லோர் கணினியும் ஏற்றாக வேண்டியிருக்கிறது.

அதே வகை விளையாட்டில் ரயட் நிறுவனம் எதிர்த்திசையில் போனது. 2020-இல் வந்த வாலரன்ட், கோர் 2 டுவோ இ8400 பிராசசரும் 4 ஜிபி ரேமும் இன்டெல் எச்டி 4000 என்ற 2012-ஆம் ஆண்டு உள்ளமைந்த கிராஃபிக்ஸும் இருந்தால் விநாடிக்கு 30 ஃபிரேம் தரும் என்ற இலக்கோடு வெளிவந்தது. அதற்காக அன்ரியல் எஞ்சின் என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் மொபைலுக்கென்று உள்ள, படம் வரையும் முறையையே அடித்தளமாக எடுத்துக்கொண்டார்கள். சுவர்களிலும் தரையிலும் நுணுக்கத்தைக் குறைத்து, எதிரியின் உருவம் மட்டும் பளிச்சென்று தெரியும்படி செய்தார்கள். பார்வைக்கு வெறிச்சென்று இருப்பது உண்மைதான். ஆனால் 30 ஃபிரேம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 33 மில்லிவிநாடி இடைவெளி. 144 ஃபிரேமில் அது 7 மில்லிவிநாடிக்குள். ஓடுவதும் ஆடத்தகுந்தபடி ஓடுவதும் வேறு என்பதை இங்கே மறக்கலாகாது. மேலும், விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற கணினிப் பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இல்லாவிட்டால் வாலரன்ட் இயங்காது. கிராஃபிக்ஸ் திறந்துவிட்ட வாசலை ஏமாற்றுத் தடுப்புக் காவல் பாதி சாத்திவிட்டது.

இரண்டுக்கும் நடுவே ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டு ஒரு வழியை முயன்றது. 2007 டிசம்பரில் கப்பல் உருவங்களைப் புதிதாக வடித்தபோது, பழைய கார்டுக்குக் ‘கிளாசிக்’, புதியதற்குப் ‘பிரீமியம்’ என இரண்டு பதிப்புகளைக் கொடுத்து, இரு சாராரையும் ஒரே உலகில் பறக்கவிட்டது. (அந்தப் புதுப்பிப்பு சிலருடைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில், அது தொடங்கத் தேவையான பூட்.ஐஎன்ஐ கோப்பையே அழித்துவிட்டது. பிரீமியத்துக்கு அவசரப்படாதவர்கள் அன்று தப்பித்தார்கள்.) கேட்க நியாயமாகத் தோன்றினாலும், ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு முறை செய்து இரண்டு முறை சோதிக்க வேண்டும் என்பதால் இது நீண்டநாள் தாங்கும் ஏற்பாடன்று. 2009 மார்ச்சில் கிளாசிக் நிறுத்தப்பட்டது.

ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற கற்பனை உலக விளையாட்டு அளவறியாமல் செலவழித்து அடிபட்டுக் கற்றது. 2010-இல் வந்த முதல் வடிவத்தில் ஓரமாகக் கிடந்த ஒரு பூந்தொட்டிக்கு ஆடுபவரின் உருவத்துக்குச் சமமாக 1,000 பாலிகன்களும் (உருவத்தை ஆக்கும் தட்டைத் துண்டுகள்) 150 வரி ஷேடர் குறியீடும் (ஒளியையும் நிறத்தையும் கணிப்பது) இருந்தன என்று, பின்னர் அதை மீட்டெடுத்த இயக்குநர் நவோகி யோஷிதா சொன்னார். தொட்டிக்குச் செலவழித்துவிட்டால் பக்கத்தில் நிற்கும் மனிதர்களை வரையத் திறன் மிஞ்சாது. 2013-இல் மறுபடி வந்த வடிவம் பிளேஸ்டேஷன் 3-லும் ஓடும்படி சிக்கனமாகக் கட்டப்பட்டது. 2024 ஜூலையில் டான்டிரெயில் விரிவாக்கத்தோடு கிராஃபிக்ஸை உயர்த்தியபோது, அதற்கு மாதங்களுக்கு முன்பே சோதனை மென்பொருளை இலவசமாகக் கொடுத்து, தங்கள் கணினி தாங்குமா என்று அவரவரே பார்த்துக்கொள்ளும்படி செய்தார்கள்; முகங்களைப் பற்றிக் குறை எழுந்ததும் திருத்திய சோதனையை மறுபடி வெளியிட்டார்கள். தேவையை உயர்த்தியே தீர வேண்டும் என்றால், இதைவிட மரியாதையான முறை எனக்குத் தெரியவில்லை.

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் சிக்கலே எளிது. 2007 தோற்றத்தில் நிற்கும் அந்த விளையாட்டுக்கு 2021-இல் ‘117 எச்டி’ என்ற ரசிகர் செருகுநிரல் புதிய ஒளியும் நிழலும் கொடுத்தது. நிறுவனம் முதலில் தடுக்கப் பார்த்து, எதிர்ப்புக்குப்பின் இறங்கிவந்தது. ஆட்டம் 0.6 விநாடிக்கு ஒருமுறை நகரும் கணக்கில் நடப்பதால், நிழல் விழுந்தாலும் விழாவிட்டாலும் யாருக்கும் கூடுதல் லாபமில்லை. வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம், மற்றவர் கணினிக்குப் பாரமில்லை.

பழைய கணினி வைத்திருப்பவர் இவற்றில் எதை ஆடலாம் என்று முடிவெடுக்குமுன் ஒன்றைச் செய்து பார்க்கலாம். ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைத்தபின் ஃபிரேம் எண் ஏறினால் தடை கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கிறது. அங்கே செட்டிங்ஸைக் குறைத்துச் சமாளிக்கலாம். எண் அசையவே இல்லையென்றால் தடை பெரும்பாலும் பிராசசரில் இருக்கிறது. அப்போது நிழலை அணைப்பதும் புல்லை நீக்குவதும் ஓரளவே உதவும். அப்படிப்பட்ட கணினியில் வாலரன்டின் வெறிச்சென்ற சுவர்களையே நான் தேர்வேன்.