டீனா புரூக்ஸுக்கு நுங்கம்பாக்கத்தில் ஒரு மாலை

டிரம்பெட், டெனர் சாக்ஸபோன், பியானோ, பேஸ், டிரம்ஸ் என்று ஐந்து பேர். குழுவுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. 400 ரூபாய் டிக்கெட்டில் 'ஹார்ட் பாப் மாலை' என்று மட்டும் அச்சடித்திருந்தது. ஹார்ட் பாப் என்பது ஐம்பதுகளில் அமெரிக்காவில் வளர்ந்த ஒரு ஜாஸ் பாணி. போன சனிக்கிழமை நுங்கம்பாக்கத்தில் ஒரு சின்ன அரங்கில் வாசித்தார்கள். சென்னையில் ஜாஸ் என்றாலே ஓட்டல்களில் சாப்பாட்டுக்குப் பின்னணியாக ஓடும் நாலைந்து பாட்டுகள்தான் காதில் விழும். அவற்றில் ஒன்றைக்கூட இவர்கள் தொடவில்லை.

முதல் உருப்படியே அமெரிக்க டெனர் சாக்ஸபோன்காரர் டீனா புரூக்ஸ் எழுதிய 'குட் ஓல்ட் சோல்'. 1960 ஜூனில் பதிவான 'ட்ரூ புளூ' இசைத்தட்டு இதில்தான் தொடங்கும். புளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டுக் கம்பெனிக்காக புரூக்ஸ் தன் தலைமையில் நான்கு தட்டுகளுக்கு வாசித்தார். அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்தது இந்த ஒன்றுதான். 'பேக் டு த ட்ராக்ஸ்' தட்டுக்கு 4052 என்று எண் கொடுத்து, அட்டைப்படம்வரை தயாராகியும் அப்போது அது கடைக்கு வரவேயில்லை. 1974இல், 42 வயதில் போய்விட்டார்.

நான் கோடம்பாக்கம் ரெக்கார்டிங் தியேட்டர்களில் டெனர் வாசித்துப் பிழைத்தவன். என் காது முதலில் மூச்சைத்தான் தேடும். ஹெட்டில், அதாவது சோலோக்களுக்கு முன் வரும் எழுதிவைத்த மெட்டில், டிரம்பெட்டும் டெனரும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தார்கள், ஒரே இடத்தில் சுரத்தை நிறுத்தினார்கள். எவ்வளவு ஒத்திகை பார்த்திருப்பார்கள் என்று புரிந்தது. பலர் ஹெட்டை ஒப்புக்கு வாசித்துவிட்டு சோலோவுக்குப் பாய்வார்கள். சபாவில் அபூர்வ கிருதியை எடுத்துக்கொண்டு, சாகித்யத்தை முழுங்கிவிட்டு ஸ்வரத்துக்கு ஓடுவது மாதிரிதான் அது. இவர்கள் எழுதியவனுக்கு மரியாதை கொடுத்தார்கள். தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு நொட்டேஷனைத் தாங்களே எழுதிக்கொண்டதாக டெனர்காரர் மேடையில் சொன்னார். அந்த உழைப்பு ஒவ்வொரு வரியிலும் கேட்டது.

'தீம் ஃபார் டோரிஸ்' இன்னும் நன்றாக இருந்தது. லத்தீன் தாளத்திலிருந்து ஸ்விங்குக்கு மாறும் இடத்தை டிரம்ஸ் வாசித்த பெண் அலட்டிக்கொள்ளாமல் கடந்தார். வயது இருபதுகளில்தான் இருக்கும். பெரிய கை.

பியானோக்காரர் ஃப்ரெடி ரெட் எழுதிய 'தெஸ்பியன்' மட்டும் எனக்கு நிறைவு தரவில்லை. 1960 பதிவில் ஜாக்கி மக்லீனின் ஆல்டோவும் (டெனரைவிடச் சின்ன சாக்ஸபோன்) புரூக்ஸின் டெனரும் உரசிக்கொண்டு போகும். இங்கே ஆல்டோவின் பங்கை டிரம்பெட் எடுத்துக்கொண்டதால் அந்தப் புளிப்பு போய்விட்டது. ஒரு ஆல்டோகாரரைச் சேர்த்துக்கொண்டால் நல்லது. நிஜப் பியானோவுக்குப் பதில் கீபோர்டு வைத்திருந்ததும் குறைதான். இரண்டாம் பாதியில் யார் எழுதியது என்று அறிவிக்காமலே இரண்டு உருப்படிகளை வாசித்தார்கள். மறந்துபோன பெயர்களை மீட்க வந்தவர்கள் அதைச் செய்யவே கூடாது. ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் போதும்.

அடுத்த முறை ஜாஸ் பியானோக்காரர் எல்மோ ஹோப் எழுதியவற்றை எடுக்கப்போகிறார்களாம். கட்டாயம் போங்கள். உட்காரும்போது மேடைக்கு இடதுபக்கமாக இடம் பாருங்கள். வலதுபக்கத்தில் கீபோர்டு ஸ்பீக்கர் டெனரை அமுக்கிவிடுகிறது.